நிப்பாட்டு என்றொரு பொத்தான்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மற்றவர்கள் அவரைப் பற்றிப் போதுமான அளவு பேசிவிட்டார்கள். நுவரெலியா மரக்கறிச் சந்தைக்கு எதிரே, உரக்கடையின் மேல்மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் ராகலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கணிதம் படிப்பிக்க வந்தவர். பிறகு ஏனோ வேலையை விட்டுவிட்டு, கம்பியூட்டர் படித்து, எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். இறுக்கிக் கட்டிய கொண்டை, முழங்கை நைந்த மண்ணிறக் கம்பளிச் சட்டை, கைப்பிடி கழன்ற ஒரு குடை. பார்த்துப் பொறாமைப்பட அவரிடம் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது.

அவர் வருவதற்கு முன் அங்கே எல்லாம் நான்தான். தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு வந்தவர்களின் பேர்ப்பதிவு, பறித்த கொழுந்தின் நிறை, தொழிற்சாலைக் கணக்கு எல்லாவற்றையும் தோட்டத்து ஒஃபிஸில் வைக்காமல் வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த கம்பியூட்டர்களில் வைத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். ஒவ்வொரு தோட்டத்துக்கும் அங்கே ஒரு கம்பியூட்டர். அதைத் தொடங்க, நிறுத்த, கணக்கைப் பிரதி எடுத்து வைக்க இங்கே ஒரு திரை. அந்தத் திரைக்கு டாஷ்போர்ட் என்று பெயர். 'கிளவுட்' என்ற சொல் அப்போதுதான் இந்தப் பக்கம் வந்திருந்தது. முதலாளி அதை வாயார உச்சரிப்பார். "உங்க கணக்கெல்லாம் இனி மேகத்துல இருக்கும்" என்பார். தோட்டத்துக் கிளாக்கர்மார் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கும் பனிமூட்டத்தைப் பார்ப்பார்கள். "இந்த மேகமாங்க, வேற மேகமாங்க?" என்று ஒருவர் கேட்டும் விட்டார்.

அந்தத் திரையை ஆட்கள் விளங்கிக்கொள்வது லேசு இல்லை. சேவையோடு சேர்த்து வாங்கியது அது. உள்ளே போனால் நீளமான ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு பட்டியல். எந்த வரி எந்தத் தோட்டம் என்பது எனக்கு மட்டும் மனப்பாடம். சஸ்பெண்ட், ஸ்னாப்சொட், டெர்மினேட் என்று பொத்தான்கள். கிளாக்கர்மாருக்குச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. எத்தனை தரம் சொன்னாலும் மறந்துபோய் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காலையில் நான் கதிரையில் உட்காருமுன்னே தொலைபேசி அடிக்கும். "மிஸ், மிசின் எந்திரிக்க மாட்டேங்குது." "மிஸ், எதை அழுத்தணும்?" பஸ்ஸில் என்னைக் கண்டால் எழுந்து இடம் கொடுப்பார்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பெண்ணுக்கு, கண்டியில் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு, அந்த 'மிஸ்' எவ்வளவு இனிக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

டீச்சரை எடுத்தது எனக்கு உதவிக்கு. முதல் வாரம் அவர் ஒன்றுமே செய்யவில்லை. பயிற்சிக்கு வந்த கிளாக்கர்மாருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். நான் சொல்லிக்கொடுக்க, அவர்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு தடுமாற, இவர் பின்னால் இருந்து அவர்களுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர் பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"கை எங்கை நிக்குது எண்டு பாக்கிறன், பிள்ளை."

"கையா?"

"ஓம். தெரிஞ்ச இடத்தில கை நிக்காது. தெரியாத இடத்தில நிக்கும். நிண்டு யோசிக்கும். அந்த இடத்திலதான் எங்களுக்கு வேலை இருக்கு."

எங்களுக்கு என்றார். வந்து ஒரு வாரம் ஆகவில்லை.

அந்தப் பழக்கம் அவருக்கு வெளியிலும் இருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் மத்தியானம் தேத்தண்ணீர் குடிக்கும் கடைக் கதவை எல்லோரும் தள்ளுவார்கள். அது இழுக்கவேண்டிய கதவு. கடைக்காரர் உள்ளே இருந்து "இழுங்க, இழுங்க" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பார். டீச்சர் ஒருநாள் தேத்தண்ணீரை ஆறவிட்டுவிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கடைக்காரரிடம் போய், வெளிப்பக்கத்தில் வெறும் தகடுதான் இருக்கிறது, தகட்டைக் கண்டால் கை தள்ளத்தான் பார்க்கும், அதைக் கழற்றி ஒரு கைப்பிடியைப் பூட்டுங்கோ என்றார். கடைக்காரர் அப்படியே பூட்டினார். அன்றோடு அந்தக் கத்தல் நின்றது. அதன்பிறகு டீச்சரிடம் மட்டும் அந்தக் கடைக்காரர் காசு வாங்க மாட்டார். நான் அவருக்கு முன்னிருந்தே அந்தக் கடைக்குப் போகிறவள்.

ராகலை பஸ்ஸில் யாராவது தவறான இடத்தில் இறங்கினால் இவர் கண்டக்டரைக் கோபித்துக்கொள்வார். யாருடைய தடுமாற்றத்துக்கும் அந்த ஆளைக் குறை சொல்லவே மாட்டார். ஒரு வயதான கிளாக்கர், கணக்கைப் பிரதி எடுக்கும் ஸ்னாப்சொட் பொத்தானைப் பார்த்து, "போட்டோ புடிக்கிறதாம்மா? தலை சீவல்லயே" என்று தலையைத் தடவினார். நான் அடக்கமுடியாமல் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. "அவர் சரியாத்தானே வாசிச்சவர்" என்றார். அவர் அப்படிச் சொன்ன பிறகு என் சிரிப்பு எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. அதற்காகவும் அவர்மேல் எனக்குக் கோபம்.

அந்த வருடம் மழைக்காலத்தில்தான் வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்துக் கிளாக்கர் விஷயம் நடந்தது. பொறுமையான மனிதர். தோட்டத்து ஒஃபிஸிலேயே தலை நரைத்தவர். அன்று மாலை வேலை முடித்து, தோட்டத்தின் கம்பியூட்டரை நிறுத்தப் போயிருக்கிறார். நிறுத்துகிற சஸ்பெண்ட் பொத்தானும் டெர்மினேட் பொத்தானும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நிறத்தில் இருக்கும். டெர்மினேட் என்றால் நிறுத்துவதில்லை, அடியோடு அழித்துவிடுவது. அவர் அழித்துவிட்டார். அந்த மாதம் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை; பேர்ப்பதிவும் கொழுந்து நிறையும் போய்விட்டன.

தோட்டத்தை நடத்தும் துரை அவரை வேலையிலிருந்து இடைநிறுத்தினார். வேலை போனால் தோட்டம் கொடுத்த வீடும் போகும். பிள்ளைகள் இரண்டும் பரீட்சைக்குப் படிக்கிற வயது. கிளாக்கர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். அந்தத் தோட்டம் ஒரு பெரிய கம்பெனியுடையது. அவர்களுடைய மற்றத் தோட்டங்களையும் எங்களிடம் தருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம்.

"நம்ம பக்கம் பிழையில்லைன்னு துரைக்கிட்ட போய்ச் சொல்லணும்" என்றார். "நீங்க அந்தாளுக்குச் சொல்லிக் குடுத்தீங்கதானே?" என்று என்னைக் கேட்டார்.

"குடுத்தேன் சேர். மூணு தரம்."

அது உண்மை. டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மூண்டு தரம் சொல்லிக் குடுத்தும் விளங்கேல்லை எண்டால், அது திரையின்ர பிழை, சேர்" என்றார்.

"டீச்சர், அதை அங்க சொல்லிப்புடாதீங்க."

மூவரும் கம்பெனி வேனில் தோட்டத்துக்குப் போனோம். துரையின் ஒஃபிஸில் முதலாளி சிங்களத்தில் பணிவாகத் தொடங்கினார். பயிற்சி கொடுத்தோம், எழுதியும் கொடுத்தோம், இது ஆளின் கவனக்குறைவு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே டீச்சர் மடிக்கணினியைத் துரையின் மேசைமேல் திறந்து வைத்துவிட்டார். பரிசோதனைக்கென்று நாங்கள் வைத்திருந்த வெறும் கம்பியூட்டர் ஒன்றின் திரை. அவருடைய சிங்களம் என்னுடையதைவிட மோசம். ஆனாலும் துரைக்கு விளங்கியது.

"இதை நிப்பாட்டிக் காட்டுங்கோ" என்பதுதான் அவர் கேட்டது.

துரை படித்தவர். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. சிரித்துக்கொண்டே மவுஸைப் பிடித்தார். டீச்சர் அவருக்குப் பின்னால் போய் நின்றார். துரையின் கை பட்டியலில் இறங்கியது, பொத்தான்களின்மேல் போய் நின்றது, யோசித்தது. பிறகு டெர்மினேட்டை அழுத்தினார். நிச்சயம்தானா என்று திரை ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரி அப்படியே மறைந்துபோனது.

"முடிஞ்சுதா?" என்றார் துரை.

"எல்லாம் முடிஞ்சுது" என்றார் டீச்சர். "கிளாக்கர் ஐயாவும் இதைத்தான் செய்தவர்."

முதலாளியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. துரை மவுஸைத் தள்ளி வைத்தார். பிறகு பியோனைக் கூப்பிட்டு, கிளாக்கரை நாளைக் காலையில் வேலைக்கு வரச் சொல்லு என்றார். எங்களைப் பார்த்து, "திரையைச் சரிப்பண்ணிக் கொண்டுவாங்க. அதுக்குப் பிறகு மற்றத் தோட்டங்களைப் பேசலாம்" என்றார்.

போன கணக்கை மறுபடி எழுத வேண்டியிருந்தது. நிறுவைத் துண்டுகள் மலைக் கங்காணிமாரிடம் இருந்தன. டீச்சரும் நானும் அந்தத் தோட்டத்து ஒஃபிஸில் இருந்து எல்லாவற்றையும் மறுபடி பதிந்தோம். டீச்சர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார். பதிந்ததில் பெரும்பகுதி நான். முடிந்த அன்று கிளாக்கரின் மனைவி பால்சோறு சமைத்துக் கொண்டுவந்து டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் ஒரு தட்டு தந்தார். நல்ல ருசி. நான் பாதியில் தட்டை வைத்துவிட்டேன்.

அதன்பிறகு, வாங்கிய திரைக்குப் பதிலாக எங்களுக்கென்று ஒரு திரை செய்யும் வேலையை டீச்சர் கையில் எடுத்துக்கொண்டார். திரைக்குப் பின்னால் இயங்குகிற நிரலை அவர் சொன்னபடி எழுதியது நான். எப்படி இருக்கவேண்டும் என்று சொன்னது அவர். முதலில் இலக்கப் பட்டியல் போனது. தோட்டத்தின் பெயர், பக்கத்தில் ஒரு விளக்கு. பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் பதில் இல்லை. மேலே ஒரு தேடும் பெட்டி. எங்கள் தோட்டங்களுக்கு இங்கிலீஷில் துரைமார் வைத்த பெயர் ஒன்று, சனங்கள் கூப்பிடும் தமிழ்ப்பெயர் வேறொன்று. கல்லுப்பாலத் தோட்டம் என்று தட்டினாலும் அது வரவேண்டும் என்றார் டீச்சர். கரண்ட் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கவேண்டும். அழிக்கும் பொத்தான் தனியாக, தூரத்தில், சிவப்பில். அழுத்தினால் தோட்டத்தின் பெயரைத் தட்டச் சொல்லிக் கேட்கும். அப்படியும் அழித்தால் ஒரு வாரத்துக்குக் குப்பைக்கூடையில் கிடக்கும், திரும்ப எடுக்கலாம்.

எல்லாம் நல்ல யோசனைகள். ஒவ்வொன்றும் எனக்கு வந்திருக்கவேண்டிய யோசனை. ஒவ்வொன்று வர வர என் தொலைபேசி அடிப்பது குறைந்துகொண்டே போனது.

ஆனால் என்னைச் சுட்டது சொற்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்றார். ராகலையில் எங்கள் லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவின் கை மலையில் கொழுந்து எடுத்து ஓய்ந்த கை. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் அடுப்படியிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, ஓடுற மிசினை நிக்க வைக்கிறதை நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்?"

"நிப்பாட்டுறதுன்னு சொல்லுவோம்."

"ஒரு சாமானைப் பிறகு தேவைப்படும் எண்டு பத்திரமா வைக்கிறதை?"

"எடுத்து வைக்கிறது. இதென்னாங்க டீச்சர், நீங்க படிப்பிச்ச ஆளு, என்கிட்டப் பாடம் கேக்குறீங்க?" என்று அம்மா சிரித்தார். அப்படி அம்மா சிரித்து நான் நெடுநாள் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் திரையில் அந்தச் சொற்கள் வந்துவிட்டன. நிப்பாட்டு. எடுத்து வை. திரும்ப எடு. நான் டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் வருடம் 'நிப்பாட்டு' என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து பாடுபட்டு 'நிறுத்து' என்று பழகியவள் நான். அம்மாவின் சொற்களை என் நாக்கிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துதான் மிஸ் ஆனேன். எங்கிருந்தோ வந்த ஒருவர் அவற்றைப் பொறுக்கியெடுத்து, பச்சை நிறத்தில் மினுக்கி வைத்துவிட்டார். தோட்டங்களுக்குக் காட்டியபோது கிளாக்கர்மார் கைதட்டினார்கள். "நம்ம பேச்சுல இருக்குங்க!" என்றார்கள். நம்ம பேச்சு. எனக்கு அழுகை வந்தது. மகிழ்ச்சி என்று நினைத்து முதலாளி என் தோளைத் தட்டினார்.

அம்மாவும் மாறிவிட்டார். மாதத்துக்கு ஒருதரம் நான் வீட்டுக்குப் போனால், வாசலில் என்னைத் தாண்டி எட்டிப் பார்ப்பார். "டீச்சர் வரலயா?" முருங்கைக்காயோ பேரிக்காயோ கிடைத்தால் டீச்சருக்கென்று ஒரு பொட்டலம். சில ஞாயிறுகளில் நான் இல்லாமலே டீச்சர் அங்கே போய்வருவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அங்கே போய் என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பொறாமை வெளியே தெரிந்துவிடும் என்று பயம்.

வடக்கில் சண்டை முடிந்த வருடம், டீச்சர் ஒரு திங்கட்கிழமை வந்து வேலையை விடுவதாக முதலாளியிடம் சொன்னார். வவுனியாவுக்குப் போகிறேன் என்றார். முதலாளி சம்பளத்தைக் கூட்டுவதாகச் சொன்னார், கெஞ்சினார். கொழும்பில் இருந்தும் அவருக்கு வேலை வந்திருந்தது, அதையும் அவர் எடுக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. திரையை என்னிடம் ஒப்படைத்தார். எனக்குள் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. அதை மறைக்க, "ஏன் டீச்சர் திடீர்னு போறீங்க?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"போகோணும், பிள்ளை" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கிளம்பிய அன்று நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். வலப்பனைக் கிளாக்கர் குடும்பத்தோடு வந்திருந்தார். தேத்தண்ணீர்க் கடைக்காரர் பஸ்ஸில் சாப்பிட ஒரு பை நிறைய பணிஸ் கொண்டுவந்தார். கொஞ்சம் பொறுத்து ராகலை பஸ்ஸில் இருந்து அம்மா இறங்கினார். வருவதாக எனக்குச் சொல்லவே இல்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தேயிலைப் பொட்டலம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நேரே டீச்சரிடம் போனார். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அம்மா டீச்சரின் காதில் ஏதோ சொன்னார். கண்டி பஸ் புறப்பட்டு, வளைவில் மறைந்த பிறகும் அம்மா சேலைத்தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு காலம் அடக்கியது வாயில் வந்துவிட்டது.

"நான் படிக்கக் கண்டிக்குப் போனப்ப நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலயே, அம்மா."

அம்மா சேலையை விலக்கி என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"நீ திரும்பி வருவேன்னு தெரியும். அதுக்கு அழுவாங்களா?" என்றார். "அந்தப் புள்ளைக்கு அப்படியா? பெத்த தாயி சண்டைக்குள்ள வன்னியில மாட்டிக்கிட்டு என்ன ஆனாங்கன்னே தெரியாது. வருசக்கணக்கா ஒரு சேதி இல்ல. முகாம் முகாமாத் தேடப் போகுது. கெடச்சாலும் கெடைக்கும், கெடைக்காமலும் போகும்."

"எனக்கு அவங்க சொல்லவே இல்லயே."

"நீ கேட்டியா?"

ராகலை பஸ் வந்தது. அம்மாவை ஏற்றிவிட்டு அலுவலகத்துக்கு நடந்தேன். டீச்சரின் ஸ்டூல் அங்கேதான் கிடந்தது. ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருந்த பெண். ஊர் முழுக்கத் தெரிந்தவர். அவரைப் பற்றி என் அம்மாவுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியவில்லை. அதிலும் எனக்கு அம்மாமேல் பொறாமையா, டீச்சர்மேல் பொறாமையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். முகம் விளக்கேற்றின மாதிரி இருந்தது. தான் வாங்கியிருந்த புதுக் கைத்தொலைபேசியை ஆட்டிக் காட்டினார்.

"டீச்சர் பேசிச்சு! தாயி கெடச்சிட்டாங்களாம். ஒரு கால் ஊனமாம், ஆனா ஆளு கெடச்சிட்டாங்க. ரெண்டு பேரும் யாழ்ப்பாணம் போகப் போறாங்களாம்."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கண்ணும் நிறைந்தது. ஆனால் என் வாய் முதலில் கேட்டது வேறு.

"என்னைப் பத்தி ஏதும் கேட்டாங்களா?"

"கேட்டுச்சு."

"என்னன்னு?"

"அவ இன்னமும் என்மேல கோவமா இருக்காளான்னு கேட்டுச்சு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன்" என்றார் அம்மா. "அதைக் கேட்டு டீச்சர் சிரிச்சிச்சு. அடக்க மாட்டாம அப்படியொரு சிரிப்பு."